காரின் தலையை வெட்டும் வேலை!

நல்ல கார். ஓடுகிற கார். அதன் கூரையை ஒருவர் ரம்பம் வைத்து அறுக்கிறார்!

பார்ப்பவர் நெஞ்சு பதறும். "இவருக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்கத் தோன்றும்.

பைத்தியம் அல்ல. இது ஒரு தொழில்.

கூரையை அறுத்து எடுப்பார். அதைத் தாங்கிய தூண்களில் 4 அங்குலம் வெட்டுவார். பிறகு அதே கூரையை இறக்கி வைத்துப் பற்றவைத்து விடுவார். உயரமாக நின்ற கார் பதுங்கிய புலி போல் ஆகிவிடும்.

இந்த வேலை பிறந்தது அமெரிக்காவில். ஆனால் கோவைக்கும், கரூருக்கும், நாமக்கல்லுக்கும் இது புரியாத வேலை அல்ல. தகட்டை வெட்டுவதும், வளைப்பதும், ஒட்டுவதும் கொங்கு நாட்டுப் பட்டறைகளில் அன்றாடம் நடப்பவைதான்.

அப்படியானால் இங்கேயும் பழைய கார்களை இப்படி வெட்டலாமா? வெட்டினால் என்ன ஆகும்?

அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

காசில்லாத காளைகள்

1930-ம் ஆண்டை ஒட்டிய காலம். அமெரிக்காவின் மேற்கே கலிபோர்னியா மாநிலம். அங்கே இளைஞர்களுக்கு வேகத்தில் மோகம் பிறந்தது.

பந்தயக் கார் வாங்கக் கையில் காசு இல்லை. என்ன செய்வது?

ஊரெங்கும் போர்டு கம்பெனியின் பழைய கார்கள் கிடந்தன. மலிவாகக் கிடைத்தன. ஒன்றை வாங்கினார்கள். சக்கரத்தின் மேலிருந்த மறைப்புத் தகடுகளைக் கழற்றினார்கள். தேவையற்ற பாரத்தை எல்லாம் குறைத்தார்கள். இன்ஜினைப் பிரித்துத் திருத்தினார்கள்.

1932-ல் போர்டு கம்பெனி ஒரு புதிய காரை விட்டது. அதில் 8 சிலிண்டர் இன்ஜின். சக்தி 65 குதிரை. சாதாரண மக்கள் வாங்கும் விலையில் அப்படி ஓர் இன்ஜின் அதுவரை வந்தது இல்லை. இளைஞர்களுக்குக் கொண்டாட்டம்!

இப்படித் திருத்திய கார்களுக்குப் பின்னாளில் 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது.

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே? பாலைவனத்தில் வற்றிப்போன ஏரிகள் இருந்தன. களிமண் காய்ந்து, தரை போட்டது போல் இருக்கும். மியூராக் என்ற ஏரி அதில் பேர்போனது. அங்கே போய்க் காரை விரட்டினார்கள். 1937-ல் பல குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கமே அமைத்தார்கள். வேகத்தை அளக்க முறை வகுத்தார்கள்.

கூரையில் என்ன குற்றம்?

இன்ஜினைத் திருத்தினால் வேகம் வரும். கூரை என்ன பாவம் செய்தது?

குற்றம் காற்றில் இருக்கிறது.

சைக்கிளில் எதிர்க்காற்றில் போனவர்களுக்குத் தெரியும். மெதுவாகப் போனால் காற்று தெரியாது. வேகமாக மிதித்தால் மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல் இருக்கும். உடனே தலையைக் குனிந்து கொள்கிறோம்.

காருக்கும் அதே கதைதான். வேகம் 2 மடங்கானால், காற்று தடுக்கும் பலம் 4 மடங்காகும். 30 மைல் வேகத்தில் தெரியாத தடை 60 மைலில் நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்துக் கார்கள் உயரமானவை. தொப்பி போட்டவர்கூடத் தலை இடிக்காமல் உட்காரலாம். முன் கண்ணாடி சுவர் போல் நிமிர்ந்து நிற்கும். அதில் காற்று முட்டும்.

கூரையின் அகலம் 4 அடி என்று வைத்துக் கொள்வோம். அதை 4 அங்குலம் இறக்கினால், காற்றில் முட்டும் பரப்பில் ஒன்றேகால் சதுர அடிக்கு மேல் குறைகிறது. சைக்கிள்காரர் தலை குனிவது போல, கார் தலை குனிகிறது!

பந்தயத்தில் ஒரு மைல் வேகம் கூடினாலும் லாபம்தானே? அதனால்தான் ரம்பத்தை எடுத்தார்கள்.

பிறகு வேகம் மட்டும் அல்ல, அழகும் காரணம் ஆயிற்று. தலை தாழ்ந்த காருக்குத் தனி மிடுக்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் இந்த ஆசை பெருகியது. யுத்தத்தில் இயந்திர வேலை பழகிய வீரர்கள் ஊர் திரும்பினார்கள். கையில் தொழில் இருந்தது. வீட்டுக் கொட்டகையே பட்டறை ஆனது.

வெட்டும் முன் கட்டு!

கூரையை எப்படி வெட்டுகிறார்கள்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை, வெட்டுவது அல்ல. கட்டுவது!

காரின் உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைப்பார்கள். ஏன்? கூரைதான் காரின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக் கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் பக்கங்கள் விரியும். கதவு பொருந்தாது. மூடிய பெட்டிக்கு உள்ள பலம் திறந்த பெட்டிக்கு இல்லை அல்லவா?

பெட்ரோல் தொட்டியைக் கழற்றித் தூர வைப்பார்கள். உள்ளே இருக்கும் துணி, மெத்தை எல்லாவற்றையும் எடுத்து விடுவார்கள். ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து.

அடுத்தது, அளப்பது. தூண்களில் காகித நாடா ஒட்டிக் கோடு போடுவார்கள். மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. நடுவில் உள்ளது வெட்டப்படும் பகுதி.

ஒரே உயரத்தில் எல்லாவற்றையும் வெட்ட மாட்டார்கள். தூணின் உள்ளே பலத் தகடு இருக்கும் இடம், கதவுக் கீல் உள்ள இடம், இவற்றை விட்டு விலகி வெட்டுவார்கள்.

பட்டறைப் பையனுக்குப் பொறுக்காது. "மேஸ்திரி அண்ணா, வெட்டிடலாமுங்களா?" என்று கேட்பான்.

"பொறு கண்ணு! இன்னொரு தடவை அளந்து பாரு. வெட்டுன தகடு என்ன, தலைமுடியா? திரும்ப வளராது" என்பார் மேஸ்திரி.

அமெரிக்கப் பட்டறை ஆனாலும், ஆத்துப்பாலத்துப் பட்டறை ஆனாலும், முதல் பாடம் இதுதான்.

கோபுரக் கணக்கு

1928 முதல் 1931 வரை வந்த போர்டு கார்களில் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். வெட்டி இறக்கினால், மேல்தூண் கீழ்த்தூணின் மேல் உட்கார்ந்துவிடும். வேலை சுலபம்.

பிறகு வந்த கார்கள் அப்படி அல்ல. முன்தூண் பின்னால் சாயும். பின்தூண் முன்னால் சாயும். பக்கங்களும் உள்ளே சாயும். அங்கேதான் வில்லங்கம்!

கோயில் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு நிலையை எடுத்துவிட்டு, மேல் நிலைகளை அப்படியே இறக்கினால் பொருந்துமா? பொருந்தாது. மேலே உள்ளது சிறியது. கீழே உள்ளது பெரியது.

காரின் கூரையும் அப்படித்தான். இறக்கி வைத்தால் தூணோடு தூண் சேராது. அப்போது கூரையையே நான்கு துண்டாக வெட்டுவார்கள். நீளவாட்டில் ஒரு வெட்டு. குறுக்குவாட்டில் ஒரு வெட்டு. நான்கையும் நான்கு மூலைக்கு நகர்த்துவார்கள். நடுவில் விழும் இடைவெளியைப் புதுத் தகடு போட்டு அடைப்பார்கள். சிலர் கூரையைத் தொடாமல், தூண்களைச் சாய்த்துச் சேர்ப்பார்கள்.

இது போதுமா? போதாது. கதவின் மேல்பாதியையும் அதே அளவு வெட்ட வேண்டும். கண்ணாடியையும் குறைக்க வேண்டும். இரண்டு தகடாக ஒட்டிய கண்ணாடியை வெட்டலாம். சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது. தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். அதற்குப் புதுக் கண்ணாடிதான் செய்ய வேண்டும்.

4 அங்குலம் வெட்டியவர், கார் முழுவதையும் திருத்த வேண்டி வருகிறது!

அப்பளமாகும் தகடு

வெட்டியாயிற்று. இனி ஒட்ட வேண்டும். கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரியும்.

காரின் மேல் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். அதில் தீயைக் காட்டினால் எண்ணெயில் போட்ட அப்பளம் போல் நெளியும். சூடான இடம் விரியும். ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்துத் தகட்டையும் இழுக்கும்.

ஆகவே ஒரே மூச்சில் பற்றவைக்க மாட்டார்கள். இங்கே ஒரு பொட்டு வைப்பார்கள். பிறகு தள்ளி இன்னொரு பொட்டு. தகடு ஆற விடுவார்கள். மறுபடி இடையில் ஒரு பொட்டு. பூத்தொடுப்பது போலப் பொறுமையான வேலை.

பிறகு சுத்தியல். தகட்டின் உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டியைப் பிடித்துக் கொள்வார்கள். வெளிப்பக்கம் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் தகடு நசுங்கி விரியும். தீயால் சுருங்கிய இடம் பழைய நிலைக்கு வரும்.

எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கை சொல்லும்!

அந்தக் காலத்தில் பட்டி கிடையாது. மிச்சமிருக்கும் பள்ளத்தை ஈயம் கலந்த பற்றாசால் நிரப்புவார்கள். அதை மரக் கரண்டியால் வெண்ணெய் போலத் தடவி, அரத்தால் ராவி எடுப்பார்கள். ஈயத் தூள் உடலுக்கு விஷம். மூக்கில் போனால் கேடு. ஆகவே இயந்திரம் வைத்துத் தேய்க்கக் கூடாது.

இத்தனையும் முடிந்து வர்ணம் அடித்தபின், வெட்டிய இடம் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை தோல்வி!

வெட்டிய காருக்கு 21 லட்சம் டாலர்

இந்த வேலையில் பேர் வாங்கியவர்கள் பாரிஸ் சகோதரர்கள். சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்று பெயர். கலிபோர்னியாவில் பட்டறை வைத்திருந்தார்கள்.

1951-ம் வருட மாடல் மெர்க்குரி கார் ஒன்றை பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞர் இவர்களிடம் கொடுத்தார். கூரையை இறக்கினார்கள். தகடுகளை மாற்றி அமைத்தார்கள். அந்தக் கார் அமெரிக்கா முழுவதும் புகழ் அடைந்தது.

2022 ஜனவரியில் அது ஏலத்துக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? 21 லட்சத்து 45 ஆயிரம் டாலர்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரை வெட்டியபோது அது பழம்பொருள் அல்ல. புதிய கார். அதுபோல் ஆயிரக்கணக்கில் தெருவில் ஓடின. ஒன்றை வெட்டினால் உலகத்துக்கு நஷ்டம் இல்லை.

அமெரிக்கக் கதை இத்துடன் இருக்கட்டும். இனி நமது ஊருக்கு வருவோம்.

கலங்கலில் பிறந்த மேதை

கோவையில் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த முன்னோடி யார் என்றால், எல்லோரும் ஒரு பெயரைத்தான் சொல்வார்கள். ஜி. டி. நாயுடு!

1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். அதிகம் படிக்கவில்லை. வாலிபத்தில், ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் போவதைக் கண்டார். அது இவர் மனத்தைப் பிடித்துக் கொண்டது.

ஓட்டலில் சர்வர் வேலை செய்தார். காசு சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? இல்லை. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்! பிறகு பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். 1933-ல் அவர் கம்பெனியில் 280 பஸ்கள் ஓடின.

அந்த நாளில் இன்ஜினும் சட்டமும் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரும். ஆட்கள் உட்காரும் கூண்டை உள்ளூரில் கட்டுவார்கள். மரவேலை ஆசாரி சட்டம் அடிப்பார். இரும்பு வேலைக்காரர் தகடு போர்த்துவார். மாட்டு வண்டி செய்த கைகள் மோட்டார் வண்டி செய்யப் பழகின.

1952-ல் நாயுடு இரண்டு பேர் போகும் சிறிய காரையும் செய்து காட்டினார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்! ஆனால் சர்க்கார் அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கார் சந்தைக்கு வராமலே போயிற்று. நாயுடு 1974-ல் காலமானார்.

தலையில் துண்டு கட்டிய டிரைவர்

கூண்டு கட்டும் தொழில் அதோடு நிற்கவில்லை. வளர்ந்தது. கரூரில் பஸ் கூண்டு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக் கூண்டு. வெளி மாநிலத்தார்கூட வண்டியைக் கொண்டுவந்து கூண்டு கட்டிப் போகிறார்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெறும் சட்டம், சக்கரம், இன்ஜின் மட்டும் ஓடி வரும். கூரை இல்லை. கதவு இல்லை. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்து ஓட்டி வருவார்.

அந்த எலும்புக்கூடு சில வாரங்களில் பஸ்ஸாக வெளியே போகும்!

அமெரிக்க இளைஞன் இருக்கிற கூரையை வெட்டினான். கரூர்த் தொழிலாளி இல்லாத கூரையைப் படைக்கிறான். இரும்புக் குழாயை வளைத்து வில்லாக்குகிறான். வில்லின் மேல் தகடு போர்த்துகிறான். ஆணி அறைகிறான், பற்றவைக்கிறான்.

இந்தக் கூரைக்கு என்ன வேலை? மழையையும் வெயிலையும் தடுப்பது மட்டும் அல்ல. பஸ் உருண்டால், உள்ளே இருப்பவர் தலை நசுங்காமல் தாங்க வேண்டும். இதற்காகவே பஸ் கூண்டுக்கு இந்தியாவில் விதிமுறை வகுத்தார்கள். 'ஏ. ஐ. எஸ். 052' என்பது அதன் பெயர். இருக்கை அளவு, அவசர வழி, கூண்டின் பலம் எல்லாம் அதில் உண்டு.

அவசர வழிகளில் ஒன்று, கூரையிலே விடும் திறப்பு. பஸ் பக்கவாட்டில் சாய்ந்து கதவு தரையோடு அழுந்திவிட்டால், அந்தத் திறப்பு உயிர் காக்கும். இங்கே கூரையை வெட்டுவதே ஓர் உபகாரம்!

தலைவர்கள் எழுந்து நிற்கும் வேன்

கோவையில் கூரை வெட்டும் வேலை வேறு ஒரு வகையில் பிரசித்தம். அதுதான் தேர்தல் பிரசார வேன்.

வேனின் கூரையில் சதுரமாகத் திறப்பு வெட்டுவார்கள். அதன் கீழே, எண்ணெய் அழுத்தத்தால் உயரும் மேடை வைப்பார்கள். பொத்தானை அமுக்கினால், தலைவர் நின்றபடியே மேலே எழுந்து கூரைக்கு வெளியே தோன்றுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும்!

தமிழ்நாட்டுக்கு மட்டும் அல்ல, அண்டை மாநிலத் தலைவர்களுக்கும் கோவைப் பட்டறைகளில் வேன் தயாராகி இருக்கிறது.

பழைய வண்டியை மாற்றிப் பிரசாரத்துக்குப் போனவர்களில் ஆந்திரத்தின் என். டி. ராமராவ் மறக்க முடியாதவர். 1982-ல் கட்சி தொடங்கிய அவர், பழைய செவர்லே வேன் ஒன்றைத் திருத்தி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஊர் ஊராகச் சென்றார். 1983 தேர்தலில் வென்று முதல்-மந்திரி ஆனார்.

பிரசார வேனின் கூரையை வெட்டுவதும் விளையாட்டு அல்ல. வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும். இல்லையேல் கூரை தளரும். மழைநீர் வழிய வழி விட வேண்டும். இல்லையேல் துரு பிடிக்கும். போக்குவரத்து அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

கோவையின் வேகப் பித்தர்

அமெரிக்க இளைஞர்களைப் போல, குறைந்த செலவில் வேகத்தைத் தேடியவர் கோவையிலும் இருந்தார். அவர் பெயர் கரிவரதன். லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாமும் பந்தயம் ஓட்டியவர்.

'வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க எல்லாராலும் முடியுமா? இங்கேயே செய்தால் என்ன?' என்பது அவர் எண்ணம்.

மாருதி 800 காரில் இருக்கும் சிறிய இன்ஜின். குடும்பத்தோடு கடைக்குப் போகும் காரின் இன்ஜின். அதை எடுத்தார். இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டினார். ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் பிறந்தது. 1988-ல் வந்த அதன் பெயர் 'பார்முலா மாருதி'.

இவர் எந்தப் பழைய காரையும் பாழாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுச் சட்டத்தைப் படைத்தார்!

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தொடக்க நாளில் ஓட்டியது இந்தக் காரைத்தான். 2005-ல் 'பார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் மாண்டார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, கேட்ட கேள்விக்கு விடை. வீட்டில் தாத்தா காலத்துக் கார் ஒன்று நிற்கிறது. அதன் கூரையை வெட்டி 'ஹாட் ராட்' ஆக்கலாமா?

கூடாது!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தன் விருப்பப்படி மாற்ற இடம் கொடுக்கவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது. மீறினால், மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சாலையில் போவது காரின் சொந்தக்காரர் மட்டும் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளையும் போகிறது. சரியாக ஒட்டாத தூண், கார் உருளும்போது ஒடியும். சிறுத்துப்போன கண்ணாடி வழியாகப் பாதை சரியாகத் தெரியாது.

பழைய காருக்கு இன்னொரு விதியும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. முதலில் பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளைப் 'பாரம்பரிய வண்டி' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும். நம்பர் பலகையில் 'வி. ஏ.' என்ற எழுத்துகள் வரும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை விடக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி பிறந்தபடியே இருக்க வேண்டும். சட்டத்திலோ, மேல் கூண்டிலோ, இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

கூரையை வெட்டினால் அந்தத் தகுதி போய்விடும். 4 அங்குலத் தகட்டோடு, 50 வருடப் பெருமையும் குப்பையில் விழும்!

வெட்டாமல் காக்கும் கை

அப்படியானால் இந்தத் தொழிலுக்கு இங்கே வேலை இல்லையா? நிறைய உண்டு!

கோவை அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடு பெயரால் நடக்கும் கார் காட்சிசாலை 2015-ல் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம்.

பழைய காரைக் காப்பது சாமானிய வேலையா? அடித்தகடு துருவால் அரித்திருக்கும். புதுத் தகடு கடையில் கிடைக்காது. பழைய தகட்டைப் பார்த்து, அதே வளைவில் புதியது தட்ட வேண்டும். துரு தின்ற பகுதியை மட்டும் வெட்டி, புதியதைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, மேடு பள்ளம் தடவித் தடவிச் சமப்படுத்த வேண்டும்.

கூரையை இறக்குபவனுக்குத் தெரிந்த அதே வித்தைதான் இதற்கும் வேண்டும். ஒருவன் காரை மாற்ற அதைப் பயன்படுத்துகிறான். மற்றவன் காரைக் காப்பாற்றப் பயன்படுத்துகிறான்.

இப்போது டிங்கர் பட்டறைகளில், நசுங்கிய பகுதியைத் தட்டி எடுப்பதைவிடக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுவது அதிகம் ஆகிவிட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் சுத்தியல் பிடிக்கும் பழக்கம் குறைகிறது. உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் சொல்லும் பெரியவர்களிடம் பையன்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் படித்து வராத வித்தை அது.

ரம்பத்தை எடுப்பது எளிது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெட்டியது தெரியாமல் ஒட்டுவதற்குத்தான் வருஷக் கணக்கில் பழக வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள கைகள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு.

அடுத்த முறை கரூர் பஸ்ஸில் ஏறும்போது, ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். யாரோ ஒரு தொழிலாளி, அளந்து, வளைத்து, ஒட்டிய கூரை அது. அதை நம்பித்தான் அதன் கீழே அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கிப் போகிறார்கள்!